அழைத்துச் சென்றவர்

சுண்டுவை முந்தின நாள் மாலை குழந்தைகள் காப்பகத்திலிருந்து அழைத்துச் சென்றவர் ‘அம்மா’ என்று திரையில் இருந்தது.

அவன் அந்த வரியைத் தாண்டிக் கீழே போய்விட்டுத் திரும்பி மேலே வந்தான். ஆபீசில் இன்னும் பாதிப் பேர் வரவில்லை. தரை துடைத்த பினாயில் வாசனை ஏசிக் காற்றில் ஏறி மூக்கின் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது, எங்கேயோ ஒரு பிரின்டர் தானாக விழித்துக்கொண்டு முனகிவிட்டு அடங்கியது, கண்ணாடிக்கு வெளியே மேகம் இறங்கி எதிர்க் கட்டடத்தின் மேல்மாடிகளை மறைத்திருந்தது. மற்ற குழந்தைகளின் வரிகள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அப்பா. சித்தி. அம்மா. தாத்தா. அம்மா.

சுண்டு அவன் மகள். முந்தின நாள் அவளைக் கூட்டி வந்தது அவன்தான். அவள் அம்மா இறந்து ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வந்திருந்தது.

பயப்பட ஒன்றுமில்லை என்பது உடனே தெரிந்துவிட்டது. காரணம் அவன் செய்து வைத்ததுதான்.

விவரம் நிரப்பும் கட்டங்களுக்குக் காவல் போடுவது அவன் வேலை. கீபோர்டு முன்னால் உட்காரும் எந்த மனிதனும் தப்பித்து ஓடத்தான் பார்ப்பான். பெயர் கேட்டால் ஒரு புள்ளி வைப்பான். போன் நம்பர் கேட்டால் ஒன்பதை அழுத்திப் பிடித்துக்கொள்வான். பிறந்த தேதி கேட்டால் இன்றைய தேதியைக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குத் தாவுவான். முன்பு வேலை பார்த்த இடத்தில் பென்ஷன் வாங்கும் ஒருவர் அன்று காலைதான் பிறந்திருந்தார். இவர்களை ஓடவிடாமல் நிறுத்த வேண்டும். காலியாக விடக் கூடாது. எண் வரும் இடத்தில் எழுத்து வரக் கூடாது. போனது வந்ததற்கு முந்தி இருக்கக் கூடாது. ஆபீசில் அவனைப் ‘பூட்டு’ என்றுதான் கூப்பிட்டார்கள். இவன் கல்யாணத்துக்கு வந்தவர்களைக்கூட எல்லாக் கட்டத்தையும் நிரப்பினால்தான் சாப்பிட விட்டிருப்பான் என்று டீம் லீடரம்மா ஒரு ஆபீஸ் விருந்தில் சொன்னாள். அப்போது அவன் மனைவி இருந்தாள். அதைக் கேட்டுவிட்டு வீடு போய்ச் சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

காப்பகங்களுக்கான இந்த சாஃப்ட்வேரை எழுதியது அவன் கம்பெனி. சுண்டு போகும் காப்பகத்திலும் அதுதான். கேட்டை ஒட்டிய சுவரில் ஒரு டேப்லெட் மாட்டியிருக்கும். குழந்தை உள்ளே வரும்போது ஒரு பதிவு, வெளியே போகும்போது ஒரு பதிவு. போகும்போது ‘அழைத்துச் சென்றவர்’ என்ற கட்டத்தை ஆயாம்மா நிரப்ப வேண்டும். பெரும்பாலும் அம்மாக்கள்தான் வருகிறார்கள் என்பதால், யாரும் எதையும் தொடாவிட்டால் தானாகவே ‘அம்மா’ என்று விழும்படி அவன் வைத்திருந்தான். ஆயாம்மாவுக்கு ஒரு விரல் வேலை மிச்சம் என்று அந்த யோசனையைச் சொன்னதே அவன் மனைவிதான்.

ஆயாம்மா தொட்டிருக்க மாட்டாள். அவ்வளவுதான்.

தானாக விழுவதை அவன் எடுத்துவிட்டான். இனி அந்தக் கட்டம் காலியாகத் திறக்கும், காலியாக இருந்தால் மூடாது. சின்ன வேலை. செய்து முடித்தபின் விரல்கள் சில்லிட்டிருந்தன. ஏசி.

அன்று மாலை மழை விட்டிருந்தது. தெருவிளக்குகள் இன்னும் எரியவில்லை, ஈரச் சுவர்களிலிருந்து பாசி வாசனை வந்தது, கால்வாயில் தண்ணீர் குப்பையை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் பக்கத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தது. சுண்டுவின் வலது கை அவன் கைக்குள் இருந்தது. இடது கை பக்கவாட்டில் கொஞ்சம் உயர்ந்து, விரல்கள் மடங்கி, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவள்போல இருந்தது. குழந்தைகள் கையை எப்படி எப்படியோ வைத்துக்கொள்ளும். நடைபாதையில் எதிரே வந்தவர்கள், ஒரு ஆளும் ஒரு சின்னப் பிள்ளையும் போகத் தேவையானதைவிட அகலமாக விலகி வழிவிட்டார்கள். ஒரு கிழவர் சாக்கடை ஓரமாகவே இறங்கி நின்றுவிட்டார்.

“மெதுவா நடப்பா,” என்றாள் சுண்டு.

கால் வலிக்கிறதா என்று கேட்டான். தனக்கு வலிக்கவில்லை என்றாள்.

வீட்டுக்கு வந்து அவள் சட்டையை மாற்றும்போதுதான் பின்னலைப் பார்த்தான். இறுக்கமாக, நுனிவரை சீராக இருந்தது. அவனுக்குப் பின்ன வராது. காலையில் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு அனுப்புவதோடு சரி. ஆயாம்மாவுக்குப் பொறுமை அதிகம் என்று நினைத்துக்கொண்டான். சுண்டு சாப்பிட்டாள், பல் தேய்த்தாள், படுத்தாள். அம்மா எப்போது வருவாள் என்று கேட்கவில்லை. இரண்டு மூன்று வாரமாகவே அவள் கேட்பதில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நல்லதுதான் என்று தோன்றியது. விளக்கை அணைத்த பிறகும் அது நல்லதுதான் என்று இன்னொரு தடவை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

காலையில் வீட்டிலேயே லேப்டாப்பைத் திறந்து பார்த்தபோது மறுபடியும் ‘அம்மா’ என்று இருந்தது.

இந்தத் தடவை அது தானாக விழுந்ததாக இருக்க முடியாது. யாரோ தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். சுண்டுவை விடப் போனபோது ஆயாம்மாவிடம் கேட்டான். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள். தான் அப்பா என்றுதான் அழுத்தியதாகவும், பச்சை விளக்கு வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டைத் திறந்ததாகவும் சொன்னாள்.

“உங்களைப் பார்த்தா எனக்கு அம்மா மாதிரியா தம்பி இருக்கு?”

அவன் சிரிக்க முயன்றான். பின்னலுக்கு நன்றி சொன்னான்.

ஆயாம்மா அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். தான் எந்தப் பிள்ளைக்கும் பின்னுவதில்லை, பேன் தொற்றிக்கொள்ளும், இங்கே அது வழக்கமில்லை என்றாள். “நீங்கதான் கத்துக்கிட்டீங்கன்னு நினைச்சேன். பரவாயில்லையே இந்தத் தம்பின்னு பெரிய மிஸ்கிட்டகூடச் சொன்னேன்.”

பட்டியலில் அம்மாவும் அப்பாவும் மேலும் கீழுமாக இருக்கின்றன, விரல் வழுக்கியிருக்கும் என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு போனான். ஆபீசுக்குப் போனதும் இன்னும் ஒரு பூட்டுப் போட்டான். பெயரை மட்டும் தொட்டால் போதாது, வருகிறவரின் அடையாள எண்ணை முழுசாக அடிக்க வேண்டும். ஒரு இலக்கம் குறைந்தாலோ மாறினாலோ கட்டம் சிவப்பாகும். கடைசி இலக்கம் முன்னால் உள்ளவற்றைக் கணக்குப் போட்டு வருவது. குத்துமதிப்பாக அடிக்க முடியாது. ஆயாம்மா அன்று மாலை ஒவ்வொரு பெற்றோரிடமும் எண்ணைக் கேட்டு, கண்ணாடியைத் தூக்கித் தூக்கி அடித்து, இந்த வேலைக்கு நான் பேங்கிலேயே சேர்ந்திருப்பேன் என்று எல்லாரும் கேட்கும்படி சொன்னாள். அவன் முறை வந்தபோது தன் எண்ணைத் தானே அடித்தான். பச்சை வந்தது. தன் கண்ணால் பார்த்தான்.

மறுநாள் அந்த வரியில் வேறு எண் இருந்தது.

அதைப் போய்ச் சரிபார்க்கத் தேவை இருக்கவில்லை. மனைவிக்காக ஆஸ்பத்திரியில் மருந்துக் கவுன்டரிலும் ரத்தப் பரிசோதனைக் கவுன்டரிலும் வார்டு வாசலிலும், கடைசியில் கீழ்த்தளத்தில் இருந்த அந்தக் குளிர்ந்த அறையின் ஜன்னலிலும் அவன் சொல்லிச் சொல்லி நாக்கில் ஏறிய எண். கடைசி இலக்கம்வரை சரி.

அன்று அவன் சாப்பிடவில்லை. பக்கத்து சீட்டுக்காரன் பூட்டுக்கு என்ன துருப்பிடித்துவிட்டதா என்று கேட்டான். ஆமாம் என்றான்.

சாயங்காலம் வீட்டில் மச்சினி இருந்தாள். அவளிடம் ஒரு சாவி உண்டு. வாரத்தில் ஒருநாள் வந்து சமைத்து வைத்துவிட்டு, அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, அக்காவின் துணிகள் இன்னும் அப்படியே இருப்பதைப் பற்றி எதுவும் சொல்லாமல் போவாள். அன்று சொல்லாமல் போகவில்லை. சுண்டுவை டிவி முன்னால் உட்காரவைத்துவிட்டு அவனைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். குழந்தை தன்னிடம் போனில் பேசியதைச் சொன்னாள். அம்மா தினமும் கூப்பிட வருகிறாளாம். அப்பா வேகமாக நடக்கிறாராம், அம்மாவால் முடியவில்லையாம், பாதி வழியில் நின்று நின்று வருகிறாளாம்.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் அதை இறுக்கி மூடினான். அது மறுபடி சொட்டியது.

“நீங்க அவகிட்ட ஒழுங்காச் சொல்லவே இல்லையா மாமா?”

“சொன்னேன்.”

“என்னன்னு?”

அவன் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா செத்துட்டா மாமா. எனக்கும்தான் அந்த வார்த்தை வாயில வரலை. ஆனா நீங்க அவளை வெளியூருக்கு அனுப்பின மாதிரியே வெச்சிருக்கீங்க. துணி அப்படியே இருக்கு, செருப்பு அப்படியே இருக்கு. பிள்ளை பின்ன என்ன நினைக்கும்?” அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “இது இப்படியே போச்சுன்னா நான் அவளை என்கூடக் கூட்டிட்டுப் போயிடுவேன். நீங்க கோவிச்சுக்கிட்டாலும் சரி.”

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் சுண்டு இல்லாத வீட்டை ஒரு கணம் பார்த்தான்: கட்டில், மேசை, அணைந்த டிவி, சுவர்கள். அங்கே அவன் ஒருவன். அதைத் தாங்க முடியாது என்று மட்டும் தெரிந்தது. நாளைக்கே எல்லாவற்றையும் சரி செய்துவிடுவதாகச் சொன்னான். டிவி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்த சுண்டு, சோபாவில் இடம் இருந்தும், ஒரு ஓரமாக நெருக்கி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் மதியம் அவன் மனைவியின் பதிவைத் திறந்தான்.

குழந்தையைக் கூட்டிப் போக உரிமை உள்ளவர்களுக்கு ஒவ்வொரு பதிவு உண்டு. அதில் கீழே ஒரு தேதி: அனுமதி முடிந்த நாள். அதன் பக்கத்தில் காரணம்: மணமுறிவு, இடமாற்றம், மறைவு. மற்றவர்களுக்கு நிரப்பச் சொல்லி எழுதியவன் தன் வீட்டுக்கு நிரப்பாமலே விட்டிருந்தான். இப்போது ‘மறைவு’ என்பதைத் தேர்ந்தெடுத்தான். அவள் இறந்த தேதியை அடித்தான். சேமி என்பதைத் தொட்டான்.

கட்டம் சிவப்பானது.

‘இந்தத் தேதிக்குப் பிறகும் இவர் குழந்தையை அழைத்துச் சென்றிருக்கிறார். தேதியைச் சரிபார்க்கவும்.’

அவன் எழுதிய வாக்கியம்தான் அது. புருஷன் பெண்டாட்டி சண்டையில் ஒருவன் மனைவியின் அனுமதியைப் பழைய தேதி போட்டு மூடிவிட்டு, உரிமை இல்லாதவளிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு காப்பகத்தின் மேல் வழக்குப் போடப் போனான். அதற்குப் பிறகு சேர்த்த விதி. கடைசியாக வந்து போன நாளுக்கு முந்தி யாரையும் முடித்துவைக்க முடியாது. நல்ல விதி. யாருக்கும் அதில் குறை சொல்லத் தோன்றியதில்லை.

மறுபடி அடித்தான். சிவப்பு. மறுபடி. சிவப்பு. அவன் விரலுக்குக் கீழே அவள் இறக்க மறுத்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் யாரோ டீ உறிஞ்சும் சத்தம். கழுத்தின் பின்னால் ஈரமாக ஒரு காற்று. திரும்பிப் பார்த்தான். காலி நாற்காலி.

பிறகு அவன் தன் வேலை வாழ்க்கையில் செய்யாத ஒன்றைச் செய்தான். திரையை விட்டுவிட்டு, அதற்கு அடியில் விவரங்கள் வரிவரியாகச் சேமித்திருக்கும் டேட்டாபேஸ் டேபிளுக்கே போனான். அந்த ஒரு விதியைத் தேடி நிறுத்த வேண்டும். தேடப் பொறுமை இல்லை. எல்லா விதிகளையும் ஒரே கட்டளையில் நிறுத்தினான். எவையெல்லாம் நின்றன என்று பார்க்கவில்லை. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அவனிடம் ஒரு வாரம் பேசியிருக்க மாட்டான். தேதியை அடித்தான். சேமித்தான்.

சேமிக்கப்பட்டது.

முடிந்துவிட்டாள்.

விதிகளை மொத்தமாகத் திரும்பப் போட்டபோது சிஸ்டம் ஒன்றையும் ஏற்கவில்லை. இறந்தபின் வந்து போனதாக உள்ள பழைய வரிகள் விதிக்கு முரணாக இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்தாமல் பூட்டு ஏறாது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். டீம் லீடரம்மா வந்து நின்று, முகம் வெளுத்திருக்கிறது, வீட்டுக்குப் போ, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சீக்கிரம் படு என்றாள். அவன் குடையை எடுத்துக்கொண்டான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. மதியமே இருட்டியிருந்தது. குடையின் மேல் விழும் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. காப்பகத்துக்கு அவன் ஒருநாளும் இவ்வளவு முன்னதாக வந்ததில்லை. கேட்டில் வேறு எந்தப் பெற்றோரும் இல்லை. வாசல் மேட்டில் காய்ந்த சிமென்ட். அதில் ஈரமான காலடிகள், வெறும் காலின் அடிகள், உள்ளே போய்த் திரும்பியிருந்தன. பக்கத்திலேயே சின்ன அடிகளும் இருந்தன. அவை திரும்பி வந்தவை மட்டும்.

டேப்லெட்டில் எல்லாக் குழந்தைகளின் பெயரும் வெள்ளையாக இருந்தது. சுண்டுவுடையது மட்டும் சாம்பல் நிறம். வெளியே போய்விட்டாள்.

அழைத்துச் சென்றவர்: அம்மா.

ஆயாம்மாவைக் கூப்பிட்டான். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். யாரும் வரவில்லையே தம்பி, நீங்கதான் முதல் ஆள் என்றாள். சுண்டு உள்ளே தூங்குகிறாள், மத்தியானம் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை என்றாள்.

உள்ளே ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். பாலும் ஈரத் துணியும் சேர்ந்த வாசனை. பாய்களில் குழந்தைகள். கடைசிப் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், நீலச் சட்டை, ரப்பர் பேண்ட் போட்ட தலை. இருந்தாள். இங்கேதான் இருந்தாள். அவன் மண்டியிட்டுத் தூக்கினான். கண் திறக்காமலே கைகள் அவன் கழுத்தைச் சுற்றிக்கொண்டன. மூக்கு நுனி அவன் தோளில் குளிராகப் பட்டது. தூக்கத்தில் பிள்ளைகள் கனக்கும். இவள் கனக்கவில்லை.

காய்ச்சல் விட்ட உடம்பு என்று நினைத்தான். எந்தக் காய்ச்சல் என்று நினைக்கவில்லை.

கேட்டில் தன் எண்ணை அடித்தான். அப்பா. சேமி.

பச்சை.

தெருவில் இறங்கிப் பாதி தூரம் வந்த பிறகுதான் கால் நின்றது. பச்சை வந்திருக்கக் கூடாது. ஒரு குழந்தை ஒரு நாளில் ஒரு தடவைதான் வெளியே போக முடியும். அந்த டேபிளுக்கு அவன் எழுதிய முதல் விதி அது. போய்விட்ட குழந்தையை மறுபடி அனுப்பினால் சிவப்பாகி மறுக்க வேண்டும். மறுக்கவில்லை. மதியம் அதையும் சேர்த்துத்தான் நிறுத்தியிருந்தான். முடிந்துபோனவர்களை உள்ளே விடாத விதியும் அதோடு சேர்ந்து நின்றிருந்தது.

இத்தனை நாள் ஒரே வரிதான். ஒரே வழிதான். மூன்று பேரும் சேர்ந்து நடந்திருக்கிறார்கள்.

இன்று இரண்டு வரி.

பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. மச்சினி.

“எங்க இருக்கீங்க மாமா?”

“தெருமுனை.”

“நல்ல ஆளு நீங்க. இந்த மழையில பிள்ளையை வாசல்ல விட்டுட்டு எங்க போனீங்க?”

அவன் வாயைத் திறந்தான்.

“மாமா? கேக்குதா? நல்லவேளை இன்னிக்கும் நான் வந்தேன். கதவு தட்டுற சத்தம் கேட்டுத் திறந்தா நனைஞ்சுக்கிட்டு நிக்கிறா. இப்பத்தான் தலை துவட்டி உட்கார வெச்சேன். பசிக்குதாம்.”

“யாரு?”

“யாரா? என்ன மாமா நீங்க.” பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம். சுண்டுவின் குரல், தெளிவாக, கொஞ்சம் மூக்கடைத்து. அப்பாவா சித்தி? நாங்க முன்னாடியே வந்துட்டோம்னு சொல்லு.

மச்சினி அதைக் கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “நாங்கன்னா யாருடி?” என்று அவள் அந்தப் பக்கம் திரும்பிக் கேட்டது போனில் தள்ளிக் கேட்டது. லைன் திறந்தே இருந்தது. குழாய் சொட்டும் சத்தம். யாரோ மெதுவாக நடக்கும் சத்தம். நின்று. நின்று.

அவன் நடந்தான். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. தோளில் இருந்த தலையைத் திருப்பி முகத்தைப் பார்க்க வேண்டும். கை எழவில்லை. காதருகே மூச்சு வருகிறதா என்று கவனித்தான். மழைச் சத்தம்.

வீட்டு முன்னால் நின்றான். குடை எப்போது கையை விட்டுப் போனது என்று தெரியவில்லை. ஜன்னலில் விளக்கு எரிந்தது. மச்சினி சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள், போனை மார்போடு அழுத்திப் பிடித்திருந்தாள், அறையின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைக்குப் பின்னால் சுண்டு. அவளுக்குப் பின்னால், விளக்கு எட்டாத இடத்திலிருந்து, இரண்டு கைகள் மட்டும் வெளிச்சத்துக்குள் வந்து அவள் ஈரத் தலைமுடியை மூன்றாகப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தன. பொறுமையாக. இறுக்கமாக.

சுண்டு தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தி ஜன்னல் பக்கம் பார்த்தாள். முகம் மலர்ந்தது. கையை அசைத்தாள்.

அவனைப் பார்த்து அசைக்கவில்லை. அவன் தோளைப் பார்த்து அசைத்தாள்.

அவன் கழுத்தைச் சுற்றியிருந்த கைகளில் ஒன்று மெல்லப் பிரிந்தது. அவன் காதை உரசிக்கொண்டு மேலே போனது.

திரும்பக் கையசைத்தது.